"பின்னாடி பையன் இருக்கான், துரத்த மாட்டாங்க": உண்மையா?

மித்ரன் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பைக் ஓட்டுறவங்க, டிராஃபிக் போலீஸ்ல வேலை பார்த்தவங்க எல்லாம் இந்தப் பகுதியில எழுதுறதைப் பார்த்திருக்கேன். அதான் இங்கேயே கேக்குறேன்.

என் பையனுக்கு ஆறு வயசு. என் தம்பிக்கு இருபத்தி நாலு. மாமா பைக்னா பையனுக்கு உயிர். சாயங்காலம் ஹாரன் சத்தம் கேட்டா செருப்புகூட மாட்டாம ஓடுவான். தம்பியும் பாசக்காரன்தான், அதுல குறை சொல்ல முடியாது. ஆனா ஆக்ஸிலரேட்டரைத் திருகிட்டா அவன் வேற ஆளு. போன வாரம் ரெண்டு பேரும் திரும்பி வந்தப்போ, "அம்மா, நாங்க எண்பதுல போனோம்"னு பையன் கைதட்டிச் சொல்றான். தம்பி பின்னாடி நின்னுக்கிட்டு 'சொல்லாதடா'ன்னு கண்ணைக் காட்டுறான்.

சண்டை போட்டேன். "போலீஸ் பிடிச்சா என்னடா பண்ணுவ?"ன்னு கேட்டேன். கொஞ்சமும் அசரலை. ஸ்பீடு கன் காருக்குத்தானாம், பைக் சின்னது, அதுல விழாதாம். கேமரா படம் எடுத்தாலும் பைக்குக்கு முன்னாடி நம்பர் சரியாத் தெரியாதாம். கடைசியா ஒண்ணு சொன்னான் பாருங்க, அதுதான் ராத்திரி தூங்க விடலை: "பின்னாடி பையன் இருக்கான்லக்கா, துரத்த மாட்டாங்க. விழுந்துட்டா அவங்களுக்குத்தானே தலைவலி."

என் பையன் அவனுக்கு ஒரு பாதுகாப்பாம்!

இவன் சொல்றதெல்லாம் நிஜமா? குழந்தையை வெச்சுக்கிட்டு வேகமாப் போறவங்களைப் போலீஸ் எப்படித்தான் பிடிக்கிறாங்க? அவன்கிட்ட பேச எனக்கு விஷயம் வேணும். "அக்கா பயந்தாங்கொள்ளி"ன்னு ஒதுக்கித் தள்ள முடியாதபடி விஷயம்.

---

இரும்புக்குதிரை:

அக்கா, கோவிச்சுக்காதீங்க, உங்க தம்பி சொன்னதுல பாதி சரி. ரேடார்ல பைக் சிக்குறது கஷ்டம்தான். வண்டியை மூடுற பிளாஸ்டிக் உறை (ஃபேரிங்), சின்ன முகப்பு, திரும்பிப் போற அலையே கம்மி. கேமராவும் நிறைய இடத்துல வண்டி வர்ற பக்கம் பார்த்துத்தான் இருக்கும். சில நாட்டுல பைக்குக்கு முன்னாடி நம்பர் பிளேட்டே கிடையாது. பிரிட்டன்ல 1975லயே எடுத்துட்டாங்க.

அதுக்காகக் குழந்தையை வெச்சுக்கிட்டு எண்பது போகச் சொல்லலை. நானே பொண்ணை ஏத்துனா ஓரமாத்தான் போவேன். போலீஸ் பிடிப்பான்னு பயமுறுத்துனா வேலைக்கு ஆகாதுன்னு மட்டும் சொல்றேன். எங்களை மாதிரி ஆளுங்க எங்கே கேமரா இருக்குன்னு மனப்பாடமா வெச்சிருப்போம்.

---

அளவுக்காரன்:

நான் போலீஸ்காரன் இல்லை. வேகம் அளக்கும் கருவிகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் ஆய்வகத்தில் வேலை. ரேடார் துப்பாக்கி, லேசர் துப்பாக்கி, கம்பத்தில் மாட்டுகிற கேமரா எல்லாம் என் மேஜைக்கு வந்துதான் போகும். தங்கச்சி எந்த நாட்டில் இருக்கிறார் என்று எழுதவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். தம்பி சொன்னதில் முதலாவது பழைய கதை. இரண்டாவது பாதி சரி. மூன்றாவது சரிதான், ஆனால் அதில் அவர் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

'பைக் சின்னது, விழாது' என்பது ரேடார் காலத்துப் பேச்சு. ரேடார் ரேடியோ அலையை அனுப்புகிறது. ஓடும் வண்டியில் பட்டுத் திரும்பும்போது அந்த அலையின் அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். 1842இல் டாப்ளர் சொன்ன விளைவுதான். 24 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வேலை செய்யும் கருவி என்றால், மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 45 ஹெர்ட்ஸ் மாற்றம். கணக்கில் குழப்பமே கிடையாது. குழப்பம் எங்கே வருகிறது என்றால், அந்த அலை போகப் போக விரியும். முந்நூறு மீட்டர் தாண்டினால் சாலை முழுவதையும் மூடிக்கொள்ளும். பைக்குக்குப் பின்னாலேயே ஒரு லாரி வந்தால் லாரியில் பட்டுத் திரும்பும் அலைதான் பலமாக இருக்கும். திரையில் தெரிவது யாருடைய வேகம் என்று வாக்குவாதம் வரும். அந்த வாக்குவாதத்தில் தப்பித்தவர்கள் பரப்பிய கதை இது.

லேசர் வந்த பிறகு அந்த வாக்குவாதத்துக்கு இடமில்லை. அகச்சிவப்பு ஒளி, 905 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. முந்நூறு மீட்டர் தூரத்தில் அதன் புள்ளி ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும். ஒரு பைக்கும் அதை ஓட்டுகிற ஆளும் சேர்ந்து அந்த அகலம். போலீஸ்காரர் ஹெட்லைட்டைக் குறிபார்ப்பார். உள்ளே இருக்கும் பளபளக்கும் கிண்ணம் ஒளியை அப்படியே திருப்பி அனுப்பும். அரை வினாடிக்குள் நூற்றுக்கணக்கான துடிப்புகள் போய்வருகின்றன. ஒளி ஒரு நானோ வினாடியில் 30 சென்டிமீட்டர் ஓடும் என்பதால் ஒவ்வொரு துடிப்புக்கும் தூரம் கிடைக்கிறது. தூரம் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று பார்த்தால் வேகம் வந்துவிடும்.

இதில் தம்பிக்குப் பிடிக்காத செய்தி ஒன்று உண்டு. நீளமான வண்டியை அளக்கும்போது கை நடுங்கி, புள்ளி பானெட்டிலிருந்து பக்கவாட்டில் வழுக்கிப் போனால் அளவு தப்பும். பைக்கில் வழுக்கிப் போக நீளமே இல்லை. இரும்புக்குதிரை தம்பி சொன்ன அந்தச் சின்ன முகப்பு, லேசரைப் பொறுத்தவரை அளவைச் சுத்தமாக்குகிற விஷயம்.

சாலையோரம் நின்று கோணலாக அளக்கிறார்களே, அதில் கூட்டிக் காட்டாதா என்று நீதிமன்றத்தில்கூடக் கேட்டிருக்கிறார்கள். கோணம் கூடக் கூட அளவு குறையும், கூடாது. பத்து பாகை சாய்ந்து நின்றால் எண்பது 78.8 ஆகத் தெரியும். இருபது பாகை என்றால் 75. ஓட்டுகிறவருக்குத்தான் லாபம்.

நாங்கள் சரிபார்க்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், பையனுக்குப் பிடிக்கும். ரேடார் துப்பாக்கியோடு ஒரு இசைக்கவை வரும், பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்களே, அதேதான். அதன் காம்பில் '50' என்று பொறித்திருக்கும். இரும்பில் தட்டக் கூடாது, கவையின் கிளைகள் சேதமாகும். மரக்கட்டையில் தட்டிவிட்டுக் கருவியின் வாய்க்கு முன்னால் பிடித்தால், கீ என்று காதைக் குடையும் அந்தச் சத்தம் அடங்குவதற்குள் திரையில் 50 வரும். கவை எங்கும் நகரவில்லை. அதன் கிளைகள் வினாடிக்குச் சுமார் 2,200 முறை ஆடுவது, ஐம்பதில் வரும் வண்டி உண்டாக்கும் மாற்றத்துக்குச் சமம். ஐம்பது வராமல் 49, 51 என்று தடுமாறினால் அந்தத் துப்பாக்கி அன்றைக்குச் சாலைக்குப் போகாது.

அடுத்து நம்பர் பிளேட். காட்சோ என்று ஒரு பழைய கேமரா வகை. அதைக் கொண்டுவந்த மாரிஸ் காட்சோனிடிஸ் 1953இல் மான்டி கார்லோ ராலியில் ஜெயித்த கார் ஓட்டுநர். வளைவில் தான் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று தெரிந்து இன்னும் வேகமாகப் போவதற்காக அவர் செய்துகொண்ட கருவி கடைசியில் எல்லாரையும் பிடிக்கிற கருவியாகிவிட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்புதான். அந்தக் கேமரா வண்டி தாண்டிப் போன பிறகு பின்பக்கத்தைத்தான் எடுக்கும். அரை வினாடி இடைவெளியில் இரண்டு படம். தரையில் போட்ட வெள்ளைக் கோடுகளில் வண்டி எத்தனை கோடு நகர்ந்தது என்று கண்ணாலேயே எண்ணிச் சரிபார்க்கலாம். எண்பதில் போனால் அரை வினாடிக்கு 11 மீட்டர். ஆக, 'முன்னாடி நம்பர் இல்லை' என்ற பேச்சு இந்த வகையிடம் எடுபடாது.

கேமரா இருக்கும் இடம் மனப்பாடம் என்கிறவர்களுக்குச் சராசரி வேகக் கேமரா. இந்த முனையில் ஒன்று, மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று. இரண்டும் நம்பரைப் படித்து நேரத்தைக் குறித்துக்கொள்ளும். அறுபது எல்லை உள்ள சாலையில் அந்தத் தூரத்தைக் கடக்க மூன்று நிமிடமாவது ஆக வேண்டும். இரண்டே கால் நிமிடத்தில் வந்துவிட்டால் எண்பதில் வந்திருக்கிறீர்கள். கேமராவுக்கு முன்னால் பிரேக் பிடித்துவிட்டு அப்புறம் முறுக்குவது இங்கே உதவாது. நம்பர் பிளேட்டை மடக்கி வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அது தனிக் குற்றம், அதோடு தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

இன்னொரு வழி இருக்கிறது, அதற்கு என் கருவி எதுவும் வேண்டாம். ஓட்டுகிறவர்களே எடுத்துப் போடுகிற வீடியோ. சாலை விளக்குக் கம்பங்களுக்கு இடையே எத்தனை மீட்டர் என்று போலீஸ் போய் நாடா வைத்து அளந்துவிடுவார்கள். முப்பது மீட்டர் என்று வையுங்கள். வினாடிக்கு 30 படம் ஓடும் வீடியோவில் ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு 36 படம் ஆனால் 1.2 வினாடி. வேகம் தொண்ணூறு. தம்பிக்கு இந்தப் பழக்கம் உண்டா என்று பாருங்கள்.

இத்தனையும் வேகத்தைப் பிடிக்கும். பின்னால் இருப்பது ஆறு வயதா அறுபது வயதா என்று எந்த வேகத் துப்பாக்கிக்கும் தெரியாது. திரையில் எண் மட்டும்தான் வரும். இப்போது வரும் சில கேமராக்கள் தலையை எண்ணும், ஹெல்மெட் இருக்கிறதா என்று பார்க்கும். ஆனால் குழந்தை என்று வந்ததும் அரசாங்கமே தயங்குகிறது. கேரளத்தில் 2023 ஜூனில் அப்படிப்பட்ட கேமராக்களை வைத்து அபராதம் போடத் தொடங்கியபோது, பெற்றோருடன் மூன்றாவது ஆளாகப் போகும் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அபராதம் வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். குழந்தையைப் பார்க்க இன்னும் சாலையில் நிற்கிற ஒரு மனிதனின் கண்தான் வேண்டியிருக்கிறது. அந்த வேலை பார்த்தவர்கள் வந்து மீதியைச் சொல்லட்டும்.

---

ஓய்வு ஏட்டு:

கூப்பிட்ட மாதிரி இருந்தது, வந்துட்டேன். ரொம்ப வருஷம் டிராஃபிக்ல நின்ன ஆளு நான்.

துரத்த மாட்டோம். அது உண்மைதாம்மா. பின்னாடி சின்னப் பிள்ளை உட்கார்ந்திருக்கிற பைக்கைச் சைரன் போட்டுத் துரத்துறவன் போலீஸ்காரனே இல்லை. பல நாட்டுப் போலீஸ் விதிமுறையிலயும் துரத்தலாமா விடலாமான்னு முடிவு பண்றப்போ, பின்னாடி ஆள் இருக்கா, குழந்தை இருக்கா, ஹெல்மெட் இருக்கான்னு பார்க்கச் சொல்லியிருக்கும். நம்ம வேகத்தைப் பார்த்து அவன் இன்னும் முறுக்குவான், விழப்போறது பிள்ளை.

துரத்தலைன்னா விட்டாச்சுன்னு உங்க தம்பி நினைக்கிறாரு பாருங்க, அங்கதான் இடிக்குது. நம்பர் எங்ககிட்ட இருக்கு. வண்டி யார் பேர்ல இருக்கு, வீடு எங்கேன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும். சாயங்காலம் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு டிவி பார்த்துக்கிட்டு இருக்கிறப்போ கதவைத் தட்டுவோம். நான் போன வீடுகள்ல முக்கால்வாசி கதவைத் திறந்தது அம்மாவோ பாட்டியோதான். "உங்க பேரனைப் பின்னாடி வெச்சுக்கிட்டு இன்ன ரோட்டுல இந்த வேகத்துல போயிருக்காரு"ன்னு சொன்னதும், அதுக்கப்புறம் நான் பேச வேண்டிய அவசியமே இருக்காது. அபராதத்தைக் கட்டிடுவானுங்க, வீட்டுப் பேச்சுக்குத்தான் பதில் இருக்காது.

ரோட்டுல நிறுத்துறதுக்கும் முறை இருக்கு. கன் வெச்சிருக்கிறவர் ஒரு இடம், நிறுத்துறவங்க இன்னொரு இடம். நடுவுல இருநூறு முந்நூறு மீட்டர். நிறுத்துற இடம் எப்பவும் வண்டி தானா வேகம் குறையிற இடமா இருக்கணும்: சிக்னல், பாலம் இறங்குற இடம், வேகத்தடை தாண்டினதும். நடு ரோட்டுல குதிச்சுக் கையை நீட்டுறது, ஹேண்டிலைப் பிடிக்கிறது, சாவியைப் பிடுங்குறது, இதெல்லாம் குழந்தை இருக்கிற வண்டியில செய்யவே கூடாது. அப்படிச் செய்யப் போன ஒரு புதுப் பையனை எங்க ஐயா அங்கேயே எல்லார் முன்னாடியும் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு.

வண்டி நின்னதும் நான் ஓட்டுறவன்கிட்ட பேச மாட்டேன். குழந்தைகிட்டதான் போவேன். "கண்ணு, காலை எங்கே வெச்சிருந்த?" அவ்வளவுதான் கேப்பேன். பிள்ளைங்க பொய் சொல்லாது. "தொங்கப் போட்டிருந்தேன்"னு சொல்லும். அப்புறம் செருப்பைப் பார்ப்பேன். சைலன்சர் இருக்கிற பக்கத்துச் செருப்போட அடி, உள் ஓரம் உருகி வழவழன்னு இருக்கும். கால் ஃபுட்ரெஸ்ட்டுக்கு எட்டலைன்னா அது சைலன்சர் மேலதான் போய் உட்காரும். உருகின செருப்பை அந்த மாமனுக்கோ அப்பனுக்கோ எடுத்துக் காட்டுவேன். வேகத்துக்குச் சாக்கு சொல்றவன்கூட அதைப் பார்த்தா வாயடைச்சுப் போவான்.

அதுக்கு மேல ரொம்ப வேகம், இல்லை குடிச்சிருக்கான்னா, பிள்ளையை அதே வண்டியில அனுப்ப மாட்டோம். அம்மாவுக்குப் போன் போடுவோம், வந்து கூட்டிட்டுப் போகணும். அந்தப் போன் உங்களுக்கு வர வேண்டாம்னுதான் ஆசைப்படுறேன்.

---

மித்ரன் அம்மா:

ஏட்டு ஐயா, அளவுக்காரன் அண்ணா, ரொம்ப நன்றி. படிச்சதும் போய்ப் பையனோட செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். வலது செருப்பு உள் பக்கம் லேசா மினுங்குது. உருகினதா, தேஞ்சதான்னு சொல்லத் தெரியலை. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கையில வெச்சுப் பார்த்தான், ஒண்ணும் சொல்லலை. அப்புறம் "சரி, இனிமே முன்னாடி டேங்க் மேல உட்கார வெச்சுக்கிறேன், கால் பிரச்சினை வராது"ங்குறான். அது சரியா?

இன்னொண்ணு. குழந்தை இருந்தா நாப்பதுக்கு மேல போகக் கூடாதுன்னு சட்டமே இருக்குன்னு யாரோ சொன்னாங்க. எங்களுக்கு இந்தியாதான், அதைச் சொல்ல விட்டுட்டேன்.

---

வார்டு சிஸ்டர்:

டேங்க் மேல வேண்டவே வேண்டாம் அக்கா. நான் எலும்பு முறிவு வார்டுல நர்ஸ். முன்னாடி உட்கார்ந்த குழந்தைக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவுல ஒரு ஜாண்கூட இருக்காது. சடன் பிரேக் போட்டா ஓட்டுறவரோட மொத்த எடையும் பின்னால இருந்து குழந்தையைத் தள்ளும். நெஞ்சும் வயிறும் ஹேண்டில்ல போய் இடிக்கும். வெளியே கீறல்கூட இருக்காது, உள்ளே ஈரலோ மண்ணீரலோ கிழிஞ்சிருக்கும். இதைவிட மோசம், குழந்தை கையை ஆக்ஸிலரேட்டர் மேல வெச்சிடும்.

பின்னாடி உட்கார்ந்தாலும் ஏட்டு ஐயா சொன்னது சரி, கால்தான் முதல் பிரச்சினை. தொங்குற கால் சக்கரத்துக்குள்ள போயிடும். குதிகால் தோல் உரிஞ்சு, சில சமயம் குதிகால் தசைநாரோட வரும். வெளியே பார்க்கச் சின்னக் காயம் மாதிரி தெரியும், ஆற மாசக் கணக்காகும். அந்தக் கட்டைப் பிரிக்கும்போது குழந்தை கத்துற கத்து இருக்கே... விடுங்க. பின் சக்கரத்துக்கு மூடுகம்பி இருக்கான்னு மட்டும் இன்னைக்கே பாருங்க.

---

அளவுக்காரன்:

சிஸ்டர் சொன்னதற்கு மேல் டேங்க் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

இந்தியா என்று தெரிந்துவிட்டது, நல்லது. நாற்பது கிலோமீட்டர் சட்டம் நிஜம்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 பிப்ரவரி 15இல் திருத்தம் வந்தது, ஒரு வருடம் கழித்து அமலுக்கு வந்தது. ஆனால் அது நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு. ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரை தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். குழந்தையை ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை வேண்டும், அது 30 கிலோ எடை தாங்க வேண்டும். வேகம் நாற்பதுக்கு மேல் போகக் கூடாது.

மித்ரனுக்கு ஆறு வயது. அதனால் சட்டப்படி அவனை ஏற்றிய வண்டிக்கும் மற்ற பைக்குக்கும் ஒரே எல்லைதான். 2018 ஏப்ரலில் வந்த மத்திய அரசு அறிவிக்கை நகராட்சி எல்லைக்குள் பைக்குக்கு அதிகபட்சம் 60, நடுவில் தடுப்பு வைத்த நான்கு வழிச் சாலையில் 80 என்று வைத்தது. போலீஸ் இதைவிடக் குறைத்துப் பலகை வைத்திருந்தால் பலகைதான் கணக்கு. ஹெல்மெட் மட்டும் நான்கு வயதைத் தாண்டிய எல்லாருக்கும் கட்டாயம். மாமா தலையில் இருந்தால் மருமகன் தலையிலும் இருந்தாக வேண்டும். இந்த நான்கு வயது வரம்பு எனக்கு ஒப்பவில்லை. நான்காவது பிறந்தநாள் கேக் வெட்டியதும் குழந்தைக்குக் கால் எட்டிவிடுமா? சிங்கப்பூரில் பத்து வயதுக்குக் கீழே பைக்கில் ஏற்றவே கூடாது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸில் எட்டு வயது. பிரிட்டனில் வயதுக் கணக்கே இல்லை, கால் ஃபுட்ரெஸ்ட்டில் எட்டினால் ஏறலாம். ஏட்டு ஐயா கேட்கிற அதே கேள்விதான்! எனக்கு அந்த முறைதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

சட்டம் ஆறு வயதை விட்டுவிட்டதால் தம்பியிடம் இயற்பியலைப் பேசுங்கள். நாற்பதில் வண்டி வினாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது, எண்பதில் 22. எதிரே நாய் குறுக்கே வந்தால் மூளைக்கு உறைத்துக் கை பிரேக்குக்குப் போக எப்படியும் ஒரு வினாடி. அப்புறம் நல்ல தார்ச்சாலையில், நல்ல டயரோடு பிரேக் பிடித்து நிற்க நாற்பதில் 9 மீட்டர், எண்பதில் 35. மொத்தம் கூட்டினால் 20 மீட்டரும் 57 மீட்டரும். இது தனி ஆள், முழு பிரேக் கணக்கு. பின்னால் குழந்தை இருந்தால் முழு பிரேக் பிடிக்கவே முடியாது, பிடித்தால் குழந்தை முதுகில் மோதிப் பக்கவாட்டில் சரியும். அந்த 57 நிச்சயம் கூடும்.

பெரியவர்கள் யோசிக்காத இன்னொன்று: குழந்தையைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் உச்ச வேகம் இல்லை, கிளப்புகிற வேகம். சிக்னல் விழுந்ததும் முறுக்குகிறார்களே, அப்போது பின்பக்கம் சாயும் உடம்பைத் தாங்க ஆறு வயதுக் கைக்குப் பலம் கிடையாது. பிடித்திருப்பது மாமாவின் சட்டைத் துணி. அதோடு குழந்தைகள் பைக்கில் தூங்கிவிடும். எஞ்சினின் அதிர்வும் காற்றும் சேர்ந்தால் அரை மணி நேரத்தில் தலை சாய்ந்துவிடும், ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

---

இரும்புக்குதிரை:

அண்ணே, லேசர் விஷயம் புதுசா இருக்கு, ஒத்துக்கிறேன். தூங்கிடுற விஷயம் என் பொண்ணுகிட்டயே பார்த்திருக்கேன், அதுக்குத்தான் இடுப்புப் பட்டை வாங்கினேன்.

ஒரே ஒரு கேள்வி. ஏட்டு ஐயா வெறும் கண்ணால பார்த்துட்டு "நீ எண்பதுல வந்த"ன்னு சொன்னா செல்லுமா? அப்புறம் அந்தக் கருவியோட சான்றிதழை நாங்க கேக்கலாமா?

---

ஓய்வு ஏட்டு:

கண்ணால பார்த்தது மட்டும் செல்லாது தம்பி. மோட்டார் வாகனச் சட்டம் 183ஆம் பிரிவே சொல்லுது, ஒரே ஒரு சாட்சியோட அபிப்பிராயத்தை மட்டும் வெச்சு வேகத்துக்குத் தண்டிக்க முடியாது, கருவியில அளந்திருக்கணும். அதனாலதான் கன் இல்லாத அன்னைக்கு வேகத்துல கை வைக்க மாட்டேன். பிள்ளை தலையில ஹெல்மெட் இருக்கா, மூணு பேர் இருக்காங்களான்னு பார்ப்பேன். அதுக்குக் கண்ணே போதும்.

---

அளவுக்காரன்:

தாராளமாகக் கேட்கலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்த்த 167ஏ விதிப்படி, தானாகச் சலான் போடும் கருவிக்கு மாநில அரசு நியமித்த அதிகாரியின் ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கேமரா பார்க்கும் சாலைப் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகையும் வைத்திருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும். வந்தால் தேதியைப் பாருங்கள், சான்றிதழில் உள்ள வரிசை எண்ணும் கருவியின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். என் கையெழுத்து இருந்தால் எண் ஒத்துப்போகும், அதில் சந்தேகம் வேண்டாம்.

தங்கச்சி, செருப்பு உருகியதா தேய்ந்ததா என்று கேட்டீர்களே. தேய்ந்த இடம் சொரசொரப்பாக, மண் ஒட்டியிருக்கும். உருகிய இடத்தில் நகத்தால் சுரண்டினால் வழுக்கும், ஓரத்தில் மெல்லிய பிசிர் திரண்டிருக்கும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.